சனி ஞாயிறுக்கு ஒரு பழைய பிக்கப்

ஓய்வு பெற்றவர்கள் இருவர் சந்தித்தால் முன்பெல்லாம் பேச்சு ஓய்வூதியத்திலும் நீரிழிவிலும் தொடங்கும். இப்பொழுது வாகன விலையில் தொடங்குகின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டபோது, விலை இறங்கும் என்று காத்திருந்தோர் பலர். வரியும் ரூபாவின் பெறுமதியும் சேர்ந்து அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டன. இந்தப் பின்னணியில், "பழைய பிக்கப் ஒன்றை வாங்கிச் சனி ஞாயிறுகளில் நானே திருத்தி எடுத்தால் என்ன?" என்று அண்மைக்காலத்தில் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றார்கள்.

பத்திரிகைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். செய்தி தேடி அலைந்தவன், பொலிஸ் நிலைய வாசலில் நின்ற நேரத்தைவிடக் கராஜ் வாசலில் நின்ற நேரமே அதிகம். ஊரில் எந்த வாகனம் எங்கே போய் வந்தது, எந்த வீதி திறந்திருக்கின்றது, எந்த வீதியில் குண்டும் குழியும் என்பதெல்லாம் முதலில் தெரியவரும் இடம் கராஜ்தான். அங்கே கேட்டதையும் பார்த்ததையும் வைத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கின்றேன்.

வாங்கலாம். ஆனால் பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக வாங்கக் கூடாது. பழைய வாகனம் ஒன்றைத் திருத்துவதற்குப் போகும் செலவு, அதை விற்கும்போது திரும்பி வருவதில்லை. அதற்கு ஈடாகக் கிடைப்பது வேறொன்று. அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன், நம் மண்ணில் பழைய வாகனம் என்றால் என்ன என்பதைச் சற்று நினைவுபடுத்த வேண்டியிருக்கின்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிய காலம் அது. அந்த நாட்களில் யாழ்ப்பாண வீதிகளில் ஓடியவை புதிய யப்பானிய வாகனங்கள் அல்ல. 1950களின் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களுமே. பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து என்ஜினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். இதை ஏதோ மந்திர வித்தை என்று வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் எழுதியதுண்டு. மந்திரம் எதுவும் இல்லை. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆகவே தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டும். அமுக்கவிகிதம் கூடிய என்ஜினில் அது நேரத்துக்கு முன்பே வெடித்து, தட்டும் சத்தம் எழுப்பி, பிஸ்ரனைக் கெடுக்கும். பழைய ஒஸ்ரின் என்ஜின்களின் அமுக்கவிகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தமையால் அவை தாங்கிக்கொண்டன. இங்கிலாந்தின் பழைய பேர்கஸன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. நம் மெக்கானிக்குகளுக்கு அந்த வரைபடங்களை யாரும் அனுப்பவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் வழியே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதையும் அவர்கள் அனுபவத்திலேயே கண்டறிந்தார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் பழம்பெருமை பேசுவது அன்று. கையால் திறந்து பார்க்கக்கூடிய இயந்திரம் என்பது நெருக்கடிக் காலத்தில் ஒரு சமூகத்தின் சொத்து என்பதைச் சொல்வதே என் நோக்கம். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்து, நாடு முழுவதும் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, தென்னிலங்கை மக்களும் அந்தப் பாடத்தின் ஓர் அத்தியாயத்தைப் படித்தார்கள்.

பிக்கப் ஏன், கார் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. பிக்கப்பின் அடியில் தனியான செஸி உண்டு. ஓட்டுநர் அறையும் பின்பெட்டியும் அதன்மேல் போல்ற் போட்டு வைக்கப்பட்டவை. கழற்றலாம், திருத்தலாம், மீண்டும் வைக்கலாம். மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கார் வடிவத்துக்குத் தனிச் செஸி கிடையாது, உடலே எலும்பு. துரு பிடித்தால் எலும்பே உக்குகின்றது. 1953 முதல் 1971 வரை செய்யப்பட்ட மைனர் பிக்கப்புக்கும் வானுக்குமோ தனிச் செஸி இருந்தது. ஆரம்பத்தில் 5 அந்தர் சுமைக்கென்று வந்த அந்தப் பிக்கப், கடைசிக் காலத்தில் 8 அந்தர் வரை சுமக்கும்படி வலுப்படுத்தப்பட்டது. இந்தக் கணக்கை இன்றைய இளைஞருக்குக் கிலோவில் சொல்ல வேண்டும் என்றால், 250 கிலோவிலிருந்து 400 கிலோ வரை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் முதலில் வாகனத்தைத் தெரிவு செய்கின்றார்கள், பிறகு மெக்கானிக்கைத் தேடுகின்றார்கள். இது தலைகீழான முறை. முதலில் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள நல்ல மெக்கானிக் யார் என்று பாருங்கள். அவருடைய கைக்குப் பழகிய என்ஜின் எது என்று கேளுங்கள். அதுதான் உங்களுடைய வாகனம். யப்பானிய டீசலில் ஊறியவரிடம் எஸ்.யூ. காபரேட்டரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, சித்த வைத்தியரிடம் எக்ஸ்றே படத்தைக் காட்டுவது போன்றது. அவர் மறுக்க மாட்டார். உங்களுக்குக் குணமும் ஆகாது.

நம் ஊர்களில் கண்ணில் படக்கூடியவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். முதலாவது, நான் மேலே சொன்ன பிரித்தானியப் பழையவை. இவற்றில் மைனர் பிக்கப் கிடைத்தால் அதிர்ஷ்டம். 803, 948, 1098 என்று மூன்று அளவுகளில் காலத்துக்குக் காலம் வந்த அதன் சிறிய என்ஜின், படித்துப் பழகுவதற்கு மிக நல்லது. உதிரிப்பாகம் இல்லை என்று பயமுறுத்துவார்கள். உலகெங்கும் இந்த வாகனத்துக்கு அபிமானிகள் இருப்பதால் பாகங்கள் இன்றும் செய்யப்படுகின்றன. 1990களில் தென்னிலங்கையிலேயே அதன் உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த தொழிற்சாலையும் இருந்தது. கவனிக்க வேண்டியவை இரண்டு. அதன் போல்ற்றுகள் அங்குல அளவுக்குரியவை. மில்லிமீற்றர் ஸ்பனர்களால் திருகினால் தலை வழுக்கிவிடும். பற்றரியின் நேர்முனை செஸியோடு இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் புதிய வானொலியைப் பொருத்தினால் புகைதான் கேட்கும்.

இரண்டாவது கூட்டம், 1970களின் யப்பானியப் பெற்றோல் பிக்கப்புகள். 1971 முதல் செய்யப்பட்ட டற்சன் 1200 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1171 கன சென்ரிமீற்றர் என்ஜின், அரைத் தொன் சுமை, எங்கும் கையை விட்டுத் திருத்தக்கூடிய இடவசதி. டற்சன் என்ற பெயர் 1980களின் நடுப்பகுதியோடு கைவிடப்பட்டாலும், அந்தச் சின்னஞ்சிறு பிக்கப் நிஸான் என்ற பெயரில் யப்பானில் 1994 வரையிலும் தென்னாபிரிக்காவில் 2008 வரையிலும் செய்யப்பட்டது. ஒரு வாகனத்தை அத்தனை ஆண்டுகள் செய்தார்கள் என்றால் பாகங்களும் அத்தனை ஆண்டுகள் செய்யப்பட்டன என்று பொருள்.

மூன்றாவது கூட்டம், 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் வந்து குவிந்த யப்பானிய டீசல்கள். ரொயோட்டா ஹைலக்ஸ் இவற்றின் மூத்த பிள்ளை. 1968இல் அறிமுகமான அந்த வாகனத்தில் 1980களில் வந்த 2எல், பின்னர் வந்த 3எல் என்ற டீசல் என்ஜின்களை அறியாத மெக்கானிக் வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை. சனி ஞாயிறு திருத்தி, திங்கட்கிழமை தோட்டத்திலிருந்து வெங்காயம் ஏற்ற வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை இதுதான். அழகில்லை, சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஆனால் காலையில் இயங்கும்.

மெக்கானிக் முடிவாகிவிட்டார் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது என்ஜினை அன்று, பத்திரத்தை. நம் பகுதியில் இது தனிச் சிக்கல். உரிமையாளர் கனடாவில், அவர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவம் மூன்றாவது ஆளின் கையில், வாகனம் நான்காவது ஆளின் வளவில். இதைத்தான் 'ஓப்பின் பேப்பர்' என்று நாகரிகமாகச் சொல்கின்றார்கள். இடம்பெயர்வுகளில் பதிவுப் புத்தகம் தொலைந்த வாகனங்கள், உரிமையாளர் இறந்துபோய் வாரிசுகள் நான்கு நாடுகளில் சிதறிய வாகனங்கள் எத்தனையோ. துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டலாம். காணாமற்போன கையொப்பத்தை எந்த வெல்டராலும் ஒட்ட முடியாது. பதிவுச் சான்றிதழில் உள்ள செஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் உங்கள் கண்ணால், ரோச் அடித்து, ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோல் வாகனத்தில் பிற்காலத்தில் டீசல் என்ஜின் பொருத்துவது இங்கே வழக்கமாக இருந்தபடியால், மாற்றம் பதியப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதேனும் லீசிங் கம்பனியின் பெயர் கிடந்தால், அது நீக்கப்படும்வரை முற்பணமும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதாகச் செஸி. நம்முடையது கடல் சூழ்ந்த நிலம். உப்புக் காற்றும், மழைக்காலத்தில் வீதியில் நிற்கும் நீரும் இரும்பை உள்ளிருந்து தின்கின்றன. பின்சக்கரத்து வில்லுகள் செஸியோடு சேரும் இடங்களில் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் இரும்பு, பொத் என்றால் துரு. புதுக் கறுப்புப் பெயின்ற் பூசியிருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள். டீசலாயின், விற்பவர் வருமுன் காலையிலேயே போய் நில்லுங்கள். அவர் சூடாக்கி வைத்த என்ஜின் உங்களுக்கு எதையும் சொல்லாது. குளிர்ந்த என்ஜினை இயக்கி, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்ளிருந்து புகை குப்குப்பென்று வருமாயின் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை டீசல் முழுமையாக எரியாததைக் காட்டும். தொடர்ந்து வரும் வெள்ளைப் புகை, குளிர்நீர் சிலிண்டருக்குள் போவதன் அடையாளமாக இருக்கலாம். என்ஜின் கெட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்; செஸி உக்கியிருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இவ்வளவும் தொழில்நுட்பம். இனி, நம்மவர் சிலர் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் விடயம் ஒன்று. வடகிழக்கில் பிக்கப் என்ற சொல்லுக்கே ஒரு நிழல் உண்டு. இரவில் வீட்டு வாசலில் பிக்கப்போ வானோ வந்து நிற்கும் ஓசைக்கு நெஞ்சு பதறிய தலைமுறை இன்னும் உயிரோடிருக்கின்றது. ஆயுதம் தாங்கியவர்கள் அத்தனை பேரும் விரும்பிய வாகனம் அது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எரிந்தும் கவிழ்ந்தும் கிடந்த வாகனங்களின் படங்களைப் பார்த்தவர்கள், அவற்றினிடையே எத்தனை பிக்கப்புகள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணும் மனநிலை எவருக்கும் இருக்கவில்லை.

வாகன இலக்கத் தகடும் இங்கே வெறும் தகடாக இருந்ததில்லை. 1957 முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டதையும், 1958இல் வடக்கில் அந்த எழுத்தின் மீது தார் பூசப்பட்டதையும், தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டதையும், அதே ஆண்டு ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதையும், மே மாதத்தில் வெடித்த இனக் கலவரத்தையும் என் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் மூத்தவர்களிடமிருந்து பாடமாகக் கேட்டவர்கள். அந்த எழுத்தைத் தாங்கிய தகடுகளோடு இன்றும் சில பழைய வாகனங்கள் வீதியில் ஓடுகின்றன. பழைய வாகனம் வாங்குபவர் இந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் வாங்குகின்றார். ஆகவே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. மாறாக, அச்சத்தின் வாகனமாக இருந்த ஒன்றைப் பட்டப்பகலில், வளவு மாமரத்தின் கீழ், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கக் கழற்றிப் பூட்டி, பூசணிக்காய் ஏற்றும் வாகனமாக மாற்றுவது நல்ல செயல் என்றே கருதுகின்றேன்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. பழைய வாகனம் புகை கக்கும் என்பார்கள். உண்மை. 2008 முதல் நடைமுறையில் இருக்கும் புகைப் பரிசோதனையில் தேறாத வாகனத்தை வீதிக்குக் கொண்டுவரும் உரிமை எவருக்கும் இல்லை. டீசல் பம்பையும் ஊசிகளையும் சீர் செய்யாமல் பெயின்ற் அடிப்பது வீண். பாதுகாப்புக் குறைவு என்பார்கள். அதுவும் உண்மை. காற்றுப்பை இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிறேக் இல்லை, பலவற்றில் இருக்கைப் பட்டியும் இல்லை. ஆகவே முதல் மாதச் செலவு முழுவதும் பிறேக்குக்கும் ரயருக்கும் ஸ்ரியறிங்குக்கும் பட்டிக்கும் போக வேண்டும். ஏ9 வீதியில் சொகுசுப் பேருந்துகளோடு போட்டியிடும் வாகனமாக அதை நினைக்கக் கூடாது. பின்பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம், "நேரம் எங்கே?" என்பது. ஆறு மாதத்தில் முடிப்பேன் என்று தொடங்கி, கழற்றிய பாகங்கள் அரிசிப் பைகளில் ஆண்டுக்கணக்கில் கிடக்க, கோழி முட்டையிடும் கூடாக மாறிய பிக்கப்புகளை நான் பார்த்திருக்கின்றேன். இதற்கு ஒரே மருந்து, ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தையே வாங்குவது. ஒரு சனிக்கிழமை கழற்றுவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடக்கூடிய அளவுக்கு மட்டும் கழற்றுவது. முழுவதையும் ஒரே நாளில் பிரித்துப் போடுபவருக்குத் துணிவு உண்டு, வாகனம் இல்லை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த ஈட்டுக்கு இனி வருகின்றேன். மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வெளிநாட்டில், அல்லது அரச அலுவலகத்தில். கையில் கிறீஸ் படிந்த தொழிலுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று நாம்தானே சொன்னோம்? 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவை மோட்டார் தொழில்நுட்பத்தை முறையாகக் கற்பிக்கின்றன. வரவேற்கத்தக்கது. அங்கே கற்கும் மாணவன் கணினியைப் பொருத்திக் குறை கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வான். இன்றைய வாகனங்களுக்கு அது வேண்டும். ஆனால் ஸ்குறூ டிறைவரின் ஒரு முனையை என்ஜினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, எந்த வால்வு தட்டுகின்றது என்று சொல்லும் அறிவு எந்தப் பாடத்திட்டத்துக்குள்ளும் எளிதில் அடங்காது. அது பக்கத்தில் நின்று பழகுவது. பழக ஒரு பழைய என்ஜின் வேண்டும், பழக்க ஒரு பழைய மனிதர் வேண்டும். முதலாவதைக் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டாவது நாளுக்கு நாள் குறைந்து வருகின்றது.

ஆகவே, பிக்கப் வாங்கப் போகும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வாகனத்தைக் கராஜில் விட்டுவிட்டுப் பின்னேரம் வந்து எடுக்காதீர்கள். வயதான மெக்கானிக்கை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். திருத்தும் கூலிக்கு மேல், கற்பிக்கும் கூலி என்று தனியாகக் கொடுங்கள். ரியூசன் வாத்தியாருக்குக் கொடுப்பதற்குத் தயங்காத நாம் இதற்கும் தயங்க வேண்டியதில்லை. மகனையும் மகளையும், சாதாரணதரப் பரீட்சை முடித்துவிட்டுத் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் அயல்வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு, ஸ்பனர் எடுத்துக் கொடுக்கவாவது பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

நம் சமூகம் வீடுகளை இழந்தது, நூலகத்தை இழந்தது, மனிதர்களை இழந்தது. அவை பிறரால் நேர்ந்த இழப்புகள். இந்தக் கைத்தொழில் அறிவும் போகுமானால், அதற்கு யாரையும் குற்றம் சாட்ட முடியாது.